வண்டி விலை ஏறியது, வாடகை ஏறவில்லை

சரக்கு ஏற்றும் சிறிய வண்டிகளின் விலையைப் பற்றி நம் வியாபாரிகள் கூடும் இடமெல்லாம் பேச்சாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் வண்டி, அதாவது நம் ஊர் வழக்கில் குட்டி யானை, சந்தைக்கு வந்தபோது அதன் விலை சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய். இன்று அதே வகை டீசல் வண்டி ஐந்தரை லட்சத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஒசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், 2011இல் நான்கு லட்சத்தை ஒட்டிய விலையில் வந்தது. இப்போது ஒன்றரை டன் ஏற்றக்கூடிய பிக்கப் ஒன்றை வாங்கி, தொட்டி கட்டி, வரி கட்டி, இன்சூரன்ஸ் போட்டு ரோட்டில் இறக்குவதற்குள் பத்து லட்சம் ரூபாய் கையை விட்டுப் போய்விடுகிறது.

இருபது வருஷத்தில் எல்லா விலையும்தானே ஏறியிருக்கிறது, துவரம் பருப்பு ஏறவில்லையா, தங்கம் ஏறவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பருப்பு விலை ஏறினால் அந்த விலைக்கே விற்கிறோம். வண்டி விலை ஏறினால் அதை யார் தலையில் வைப்பது என்பதுதான் பிரச்சினை. நாம் ஏற்றுக்கொள்ளவில்லை, சில்லறைக் கடைக்காரரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படியானால் மூன்றாவதாக ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் யார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை ஏன் ஏறியது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கம்பெனிக்காரர்களின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. அது முழு உண்மை அல்ல. புகைக் கட்டுப்பாட்டு விதிகள்தான் பெரிய காரணம். பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்தது. பழைய பி.எஸ். 3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், மார்ச் கடைசி இரண்டு நாள்களில் ஷோரூம்களில் வண்டிகளைத் தள்ளுபடியில் அள்ளிக் கொடுத்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்து பி.எஸ். 5ஐத் தாண்டி ஒரேயடியாக பி.எஸ். 6, 2020 ஏப்ரலில் வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. இதற்காக எஞ்சினில் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு, சைலன்சர் பக்கம் கரிப்புகையைப் பிடிக்கும் வடிகட்டி, வேறு ரசாயன அமைப்புகள், அங்கங்கே சென்சார்கள் என்று பல சாமான்கள் சேர்ந்தன. பெரிய லாரியோ சின்ன வண்டியோ, இந்தச் சாமான்களின் விலை வண்டியின் அளவுக்கு ஏற்றபடி குறைவதில்லை. இருபத்தைந்து லட்ச ரூபாய் லாரியில் இந்தச் செலவு தெரியாது. நான்கைந்து லட்ச ரூபாய் டீசல் வண்டியில் முதுகு முறிகிறது. புகை குறைவது நல்லதுதான். பஜாரில் நாள் முழுதும் அந்தப் புகையைக் குடிப்பவர்களும் நாம்தானே.

இந்த வடிகட்டி விஷயத்தில் டீசல் வண்டி வாங்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊருக்குள்ளேயே கடைக்குக் கடை நின்று நின்று ஓடும் வண்டியில் கரி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் பதினைந்து இருபது நிமிஷம் ஒரே வேகத்தில் ஓட்டினால்தான் அது எரிந்து வெளியேறும். விளக்கு எரிகிறது என்று தெரிந்தும் ஓட்டிக்கொண்டே இருந்தால் செலவு ஆயிரங்களில் நிற்காது. பழைய வண்டிக்குத் தெருமுனை மெக்கானிக் போதும். இதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதானால் பெட்ரோல் வண்டியையோ, பேட்டரி வண்டியையோ யோசிப்பது நல்லது. எரிவாயு வண்டி வாங்குபவர் தாம் போகும் லைனில் எரிவாயு நிரப்பும் பங்க் உண்டா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகியிருக்கிறது. ஒன்பது லட்ச ரூபாய் ஷோரூம் விலை வண்டியில் இது சுமார் 76 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். அது மட்டுமல்ல, சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கினால் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். மேலே சொன்ன வண்டியில் அது ஒரு லட்சத்து 37 ஆயிரம் ரூபாய். இது தெரியாமல் வீட்டில் யார் பெயரிலாவது பில் போட்டு வாங்கி, வரியைக் கோட்டைவிட்டவர்கள் நம் பஜாரிலேயே இருக்கிறார்கள். பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. வரி உள்ள சரக்கும் வரி இல்லாத சரக்கும் சேர்த்து விற்பவருக்கு விகிதப்படிதான் கிடைக்கும். எடுத்த வரித்தொகைக்குத் தேய்மானமும் கணக்கில் காட்டக் கூடாது. ஆடிட்டரிடம் கேட்டுச் செய்வது உத்தமம்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

நம் விருதுநகர் பேட்டையில் இருந்து சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று சுற்று வட்டாரக் கடைகளுக்குச் சரக்குப் போகிறது. நான் வியாபாரத்துக்கு வந்த காலத்தில் பாதி மாட்டு வண்டி, பாதி மெட்டடார். சரக்கு எடுத்த கடைக்காரர் வாடகையைத் தாமே கொடுப்பார். அதன் பிறகு போட்டி வந்தது. "கடை வாசலில் இறக்கித் தருகிறேன், வாடகை என்னுடையது" என்று ஒருவர் ஆரம்பித்தார், எல்லோரும் பின்னால் போனோம். இப்போது பெரிய கம்பெனிகள் போன் வழியே ஆர்டர் எடுத்து வாசலில் கொண்டுபோய் இறக்குகின்றன. "அவன் சும்மா கொண்டுவந்து தருகிறான், நீங்கள் தர மாட்டீர்களா அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் உலகத்தில் எந்த வண்டியும் சும்மா ஓடுவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பிக்கப் உரிமையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரே ஓட்டுகிறார். பத்து லட்சத்தில் இரண்டு லட்சம் கைப்பணம், எட்டு லட்சம் கடன், ஐந்து வருஷம், 11 சதவீத வட்டி. மாதத் தவணை சுமார் 17,400 ரூபாய். இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 38 ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,200. இதில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 16 ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. டயர், சர்வீஸ், எப்.சி. எல்லாம் சேர்த்து மாதம் 4,000 என்று குறைத்தே வைத்திருக்கிறேன். ஆக மாதம் 24,600 ரூபாய் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும்.

பேட்டையில் இருந்து சிவகாசிக்குப் போய் நான்கு கடையில் இறக்கிவிட்டுத் திரும்பினால் அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டர். ஐந்து லிட்டர் டீசல், 470 ரூபாய். நாம் கொடுக்கும் வாடகை 1,700 ரூபாய். மாதம் 25 நாள் அவருக்கு லோடு கிடைத்தால், ஒரு நாளைக்கு வண்டிச் செலவு 984, டீசல் 470, ஆக 1,454. மிச்சம் 246 ரூபாய். காலை ஆறு மணிக்கு வந்து, லோடு ஏறும்வரை நின்று, இறக்கிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு 246 ரூபாய். நம் கடையில் மூட்டை தூக்குபவர் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வாங்குகிறார். 25 நாள் லோடு யாருக்குக் கிடைக்கிறது? 18 நாள் கிடைத்தால் பெரிது. அப்போது ஒரு நாள் செலவு 1,837 ரூபாய். நாளுக்கு 137 ரூபாய் கைநஷ்டம்.

பத்து வருஷத்துக்கு முன் இதே சிவகாசி வாடகை 1,300 ரூபாயாக இருந்தது. வண்டி விலை போன வேகம் என்ன, வாடகை போன வேகம் என்ன? விலையேற்றத்தைச் சுமந்தவர் இவர்தான்.

பின் எப்படி இத்தனை நாள் ஓட்டினார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு வழியில். ஒன்று, கடன் தீர்ந்த பழைய வண்டியை வைத்து ஓட்டினார்கள். தவணை இல்லாததால் வாடகை குறைவு என்பது வெளியே தெரியவில்லை. அந்த வண்டிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எப்.சி. காட்ட வேண்டும். மாற்றி வாங்கலாம் என்று ஷோரூம் போனவர் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். இரண்டாவது வழி, அதிக லோடு. ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றுவது. நம்மில் சிலர் வாடகையையும் குறைத்துப் பேசி, "இன்னும் ஆறு மூட்டைதானே, போட்டுக்கொள்" என்று சொல்கிறோம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். பிடிபட்டால் வழியில் நிற்பது அவர். விபத்தானால் காப்பீட்டுக் கம்பெனி அதிக பாரத்தைக் காட்டி வழக்காடும். ஆறு மூட்டை ஆசைக்கு இது பெரிய விலை.

2005க்குப் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு வருஷம் நல்ல காலம் என்று சொல்வேன். நம் கடைகளில் லோடுமேனாகவும் டிரைவராகவும் இருந்த பல பேர் ஐம்பதாயிரம் கைப்பணம் கட்டிக் குட்டி யானை வாங்கி முதலாளி ஆனார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். எனக்குத் தெரிந்தே மூன்று பேர் வீடு கட்டினார்கள். இன்று அப்படி ஒரு டிரைவர் பையன் வந்து கேட்டால், வண்டி வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைப்பணமே இரண்டு லட்சம் வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களும் மாதச் சம்பளம் போல உறுதியாக ஓட்டம் தரும் பார்சல் கம்பெனிகளுக்கு வண்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஸ்டாண்டில் முன்பு காலையில் இருபது, இருபத்தைந்து வண்டிகள் நிற்கும். இப்போது பத்து வண்டி நின்றால் அதிகம். தீபாவளி, பொங்கல் சமயத்தில் வண்டிக்கு நாம் அலைகிற அலைச்சல் ஊருக்கே தெரியும்.

"அவர் போனால் போகட்டும், நானே ஒரு வண்டி வாங்கிவிடுகிறேன்" என்று சில அன்பர்கள் சொல்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், கணக்கு ஒத்து வந்தால். நாம் வாங்கினால் டிரைவர் சம்பளம் மாதம் 18,000 ரூபாயாவது சேரும். மொத்தம் மாதம் 42,600. மாதம் 25 நாள் ஓட்டம் இருந்தால் டீசலோடு ஒரு நடைக்கு 2,174 ரூபாய். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு வெளியூர் லோடு வாரத்துக்கு மூன்று நாள்தான். மாதம் 12 நடை என்றால் ஒரு நடைக்கு 4,020 ரூபாய் ஆகிறது! 1,700 ரூபாய் வாடகை அதிகம் என்று நினைத்து 4,020 ரூபாய்க்கு வண்டி ஓட்டுவது எந்த ஊர் வியாபாரம்? வண்டி வாசலில் நிற்பது கௌரவம் என்றால் அது வேறு விஷயம். அதைக் கடைக் கணக்கில் எழுதக் கூடாது. என் அபிப்பிராயத்தில் மாதம் 22 நாளாவது ஓட்டம் இல்லாதவர் பத்து லட்சத்தை வண்டியில் முடக்கக் கூடாது. அந்தப் பணம் மிளகாய் வத்தலிலோ மல்லியிலோ இருந்தால் சீசனில் புரளும். வண்டி, நிற்க நிற்கத் தேயும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று சேல்ஸ்மேன் காட்டும் பெரிய வண்டி அந்த வரம்பைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். டிரைவரிடம் இலகு ரக உரிமம் இருந்தால் 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. பேட்ஜ் இல்லை என்று கிளெய்மை மறுத்த காலம் முடிந்தது.

ஆகவே நம்மில் பலருக்கு வாடகை வண்டிதான் வழி. வாடகை வண்டி நாளைக்கும் ஸ்டாண்டில் நிற்க வேண்டுமானால், அதை ஓட்டுபவர் பிழைக்கிற அளவுக்கு வாடகை கொடுத்தாக வேண்டும். மாதம் 22 நாள் ஓட்டம், அவருக்கு நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்தால் சிவகாசி நடைக்கு 2,300 ரூபாய் வருகிறது. இப்போது கொடுப்பதைவிட 600 ரூபாய் அதிகம். கேட்டவுடன் பயமாக இருக்கும். ஒன்றரை டன் என்பது ஐம்பது கிலோ மூட்டை முப்பது. மூட்டைக்கு 20 ரூபாய். கிலோவுக்கு 40 காசு. 40 காசுக்காக ஒரு தொழிலையே நம் பேட்டையில் இருந்து விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த 40 காசையும் நாமே சுமக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூட்டைக்கு ஏதோ கொஞ்சம் நின்றால் கும்பிடு போடும் வியாபாரம் நம்முடையது, அதில் வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. பழைய முறைக்குத் திரும்ப வேண்டும். இறக்குக் கூலியைக் கடைக்காரர் எப்படித் தனியாகக் கொடுக்கிறாரோ, அதுபோல வாடகையையும் சரக்கு இறங்கும்போது நேரே டிரைவர் கையில் கொடுக்கட்டும். நம் பில்லில் வாடகையைச் சேர்த்தால் அதற்கும் சரக்கின் வரி விகிதமே வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். வாடகையைத் தனியாகப் பார்க்கும்போதுதான் இரண்டு மூட்டைக்கு ஒரு வண்டி கேட்கும் பழக்கமும் குறையும். சில்லறைக் கடைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். வாடகை இல்லை என்று இறக்கும் கம்பெனி அதை எந்தச் சரக்கில் ஏற்றியிருக்கிறது என்று, பத்துச் சரக்கின் விலையை எங்கள் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முழு லோடு சேராவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. பதினைந்து மூட்டையோடு வண்டி போனால் மூட்டைக்கு 153 ரூபாய் விழும். அதனால் நான்கு மொத்தக் கடைகள் சேர்ந்து ஒரு லைனுக்கு ஒரு கிழமை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவரவர் பில் அவரவர் சரக்கோடு போகும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பில்லுக்கு இ-வே பில் போட வேண்டியது வழக்கம்போல. இதைச் சொன்னதும் ஒரு அன்பர், "என் கடை யாருக்கு என்ன விலைக்குப் போடுகிறது என்று பக்கத்துக் கடைக்குத் தெரிந்துவிடுமே" என்றார். நண்பர்களே, சாத்தூர்க் கடைக்காரர் உங்கள் பில்லை என்னிடம் காட்டி, என் பில்லை உங்களிடம் காட்டித்தான் இத்தனை வருஷமும் விலை பேசிக்கொண்டிருக்கிறார். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது?

சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டாண்டு டிரைவர்களில் நான்கு பேரையும் நம்மில் நான்கு பேரையும் உட்கார வைத்து, ஊர்வாரியாக வாடகைப் பட்டியல் ஒன்று எழுதி, சங்கக் கட்டடத்திலும் ஸ்டாண்டிலும் போர்டு வைக்க வேண்டும். டீசல் விலை லிட்டருக்கு ஐந்து ரூபாய் மாறினால் அதற்குத் தகுந்தபடி வாடகையும் மாறட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்கட்டும். பட்டியலுக்குக் குறைத்துக் கேட்பதில்லை, வண்டியின் எடைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று நாமும், பண்டிகை சமயத்தில் கூட்டிக் கேட்பதில்லை என்று அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதுவரை காத்திராமல் சாத்தூர் லைனுக்கு மட்டும் எங்கள் தெருவில் மூன்று கடைகள் பேசி ஆரம்பித்திருக்கிறோம். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பும். இன்னும் எட்டு மூட்டைக்கு இடம் இருக்கிறது. நாலாவது கடையாகச் சேர விரும்பும் அன்பர் செவ்வாய் மாலைக்குள் சொல்லி அனுப்பலாம்.